முடிவு எடுப்பவர் ஒருவர், ஊருக்குப் பதில் சொல்பவர் இன்னொருவர்: நம் திருச்சபைத் தொண்டு நிறுவனங்களின் உள்விவகாரம்

வாவிக்கரையான் எழுதியது:

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் திருச்சபை சார்ந்த தொண்டு நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களும் செய்து விலகியவர்களும் இங்கே பலர் இருக்கிறார்கள். ஆகவே அலுவலகத்துக்குள் முணுமுணுப்பாகவே அடங்கிவிடும் ஒரு விடயத்தை வெளிப்படையாகப் பேசலாம் என்று நினைக்கிறேன். நிதி மோசடி பற்றியோ மதமாற்றக் குற்றச்சாட்டு பற்றியோ பேச நான் வரவில்லை; அவற்றைப் பேசுவதற்கு ஆட்களுக்குக் குறைவில்லை. என் கேள்வி வேறு. பணிப்பாளரின் அறையில் எடுக்கப்படும் முடிவு, அதை மக்கள் முன் சுமந்து நிற்க வேண்டிய வெளிக்கள உத்தியோகத்தரை ஏன் எப்போதும் கடைசியாக வந்தடைகிறது?

ஒரு வெள்ள நிவாரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வவுணதீவுப் பக்கத்துக் கிராமமொன்றில், கிராம உத்தியோகத்தரும் கிராம அபிவிருத்திச் சங்கத்தாரும் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரும் வீடு வீடாகப் போய்த் தயாரித்த பட்டியல், முத்திரை குத்தப்பட்டு அலுவலகத்துக்கு வந்தது. அலுவலகத்தில் அது சுருக்கப்பட்டது. சுருக்கியதற்கு நியாயமான காரணமும் இருந்தது: அதே கிராமத்தின் ஒரு பகுதிக்கு இன்னொரு நிறுவனம் உதவ ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் காரணத்தை யாரும் வெளிக்கள உத்தியோகத்தருக்குச் சொல்லவில்லை. லொறியின் தறப்பாளை அவிழ்த்து உலர் உணவுப் பொதிகளை எண்ணிய பிறகுதான், பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவருக்கு விடயம் விளங்கியது. பெயர் வாசித்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். பட்டியலின் கடைசித் தாளுக்கு வந்தபோது லொறி வெறுமையாகிவிட்டது. அந்தத் தாளில் பெயர் இருந்தவர்கள் பணிப்பாளரைத் தேடிப் போகவில்லை. “தம்பி, எங்கட பெயரை நீதானே எழுதிக்கொண்டு போனாய்?” என்று அவரைத்தான் கேட்டார்கள்.

இதைத் தனி மனிதரின் அலட்சியம் என்று நான் கருதவில்லை. 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு நாவலடி முதல் பொத்துவில் வரை கரை முழுவதும் சிதைந்து கிடந்தபோது, பங்கு மட்டத்தில் (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் மட்டத்தில்) சிறு உதவிகள் செய்துகொண்டிருந்த குழுக்கள் பல ஒரு சில மாதங்களுக்குள் வாகனங்களும் கணனிகளும் திட்ட இணைப்பாளர்களும் உள்ள பெரிய அலுவலகங்களாக மாறின. அலுவலகம் வளர்ந்த வேகத்தில் பேச்சு முறை வளரவில்லை. பங்குத்தந்தை அல்லது போதகர் சொன்னால் சபை கேட்கும் என்ற ஒழுங்கு, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலிருந்து திங்கட்கிழமை அலுவலகத்துக்கு அப்படியே வந்து உட்கார்ந்துவிட்டது. உங்கள் அனுபவம் என்ன?

தம்பிலுவில்வாசி எழுதியது:

அண்ணன் சொன்னது அம்பாறைக் கரையோரத்துக்கும் அப்படியே பொருந்தும். எங்களுக்கு இன்னும் ஒரு பாரம் உண்டு: தலைமை அலுவலகம் மட்டக்களப்பில் இருக்கும், நாங்கள் திருக்கோவிலிலோ ஆலையடிவேம்பிலோ இருப்போம். மட்டக்களப்பில் இருப்பவர் தேநீர் நேரத்தில் காதில் விழுவதை வைத்தாவது நிலைமையை அறிந்துகொள்வார். எங்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

2025 ஜனவரி 20ஆம் திகதி ஐக்கிய அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை 90 நாட்களுக்கு நிறுத்தி வைத்தது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணத்தில் நடந்த திட்டமொன்றில் நான் இருந்தேன். செய்தி உலகம் முழுவதும் பரவிக்கொண்டிருந்தது; எங்கள் நிறுவனத்திலிருந்து மட்டும் ஒரு வரியும் வரவில்லை. மாதர் சங்கக் கூட்டத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, கோழிக்கூடு அமைக்கும் பெண்கள் முதல் கட்டப் பணத்தை எதிர்பார்த்து மரம் வாங்கிவிட்டார்கள். கடைசியில் எனக்கு விடயத்தைச் சொன்னது வாகனச் சாரதி. அவருக்கு டீசல் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டாம் என்று உத்தரவு வந்ததால் அவர் ஊகித்துக்கொண்டார். மேலிடத்துக்கும் அப்போது முழு விபரம் தெரிந்திருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் “எங்களுக்கும் இன்னும் தெளிவில்லை, புதிதாக எதையும் வாக்குக் கொடுக்க வேண்டாம்” என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டிருந்தால், அந்தப் பெண்களில் பாதிப் பேராவது மரம் வாங்கியிருக்க மாட்டார்கள்.

ஓய்விலுள்ள குரு எழுதியது:

நான் கத்தோலிக்கக் குரு. திருச்சபைத் தொண்டுப் பணிக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

முதலாவது, குருமடத்தில் நாங்கள் மெய்யியலும் இறையியலும் படிக்கிறோம். ஓர் அலுவலகத்தை நடத்துவது எப்படி என்று யாரும் எங்களுக்குக் கற்பிப்பதில்லை. ஆயரின் நியமனக் கடிதம் கையில் கிடைத்த மறுநாள் நாங்கள் பணிப்பாளர்கள். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பின்னர் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டங்களும் அதற்குள் வருகின்றன. வாகரையிலிருந்து பொத்துவில் வரை நீண்ட கரையும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையும் சேர்ந்த பரப்பு அது. அதே குருவுக்கு ஒரு பங்கும் இருக்கும்; அடக்கச் சடங்கு வந்தால் பணியாளர் கூட்டம் தள்ளிப்போகத்தான் செய்யும்.

இரண்டாவது, எல்லாவற்றையும் எல்லோருக்கும் சொல்ல முடியாது. நிதி வழங்குநர் எழுத்தில் உறுதி செய்யாத ஒன்றை நான் காலையில் ஐந்து பேருக்குச் சொன்னால், மதியத்துக்குள் அது ஊருக்குள் ‘வீட்டுத் திட்டம் வருகிறது’ என்று போய்ச் சேர்ந்திருக்கும். இது கற்பனை அல்ல. எங்கள் பகுதியில் இரகசியம் என்பது மைத்துனருக்கு மட்டும் சொல்லப்படுவது. ஒரு முறை பெயர் வெளியே போய்விட்டால், பிறகு அந்தக் குடும்பத்தைத் தகுதி அடிப்படையில் நீக்க முடியாது. பங்கு மக்களே ஆயர் இல்லத்துக்கு வந்து நிற்பார்கள்.

மூன்றாவது, பணிப்பாளர் மாறுவது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றம் வரும். மெதடிஸ்த சகோதரர்களுக்கும் இதே நிலைதான் என்று அறிகிறேன். முன்னவர் ஊருக்கு வாய்மொழியாகக் கொடுத்த வாக்குறுதி கோப்பில் இருக்காது. புதியவர் அதை மறுத்தால் “இந்தச் சுவாமி சரியில்லை” என்பார்கள். அந்தச் சுவாமிக்கு எதுவும் தெரியாது என்பதே உண்மை.

படுவான்கரை எழுதியது:

சுவாமி மீது எனக்கு மரியாதை உண்டு; அந்த மரியாதையுடனேயே சொல்கிறேன். நான் இந்து; என்னுடன் வெளிக்களத்தில் வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானோரும் இந்துக்களே, எங்கள் பயனாளிகளும் அப்படித்தான். காலைச் செபத்தில் கலந்துகொள்வதில் எங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. நல்ல வார்த்தை எந்தக் கோயிலில் சொன்னாலும் நல்ல வார்த்தைதான். சிக்கல் செபம் முடிந்த பிறகு தொடங்குகிறது. நாங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற அதே இடத்தில், அதே அமைதியில், அடுத்த மாதம் யார் எந்தப் பிரதேசத்துக்கு மாற்றப்படுகிறார், எந்தத் திட்டம் நிறுத்தப்படுகிறது என்ற அறிவித்தல்கள் வாசிக்கப்படும். அந்த இடத்தில் எவன் வாய் திறந்து “ஏன்?” என்று கேட்பான்? கத்தோலிக்கரான சக பணியாளரே கேட்க மாட்டார். நான் கேட்டால் அது கேள்வியாக எடுத்துக்கொள்ளப்படாது, அவமதிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். பிறகு, “யாரும் ஆட்சேபிக்கவில்லை” என்று கூட்டக் குறிப்பில் எழுதப்படும்.

வட்ஸ்அப் குழுவிலும் இதே கதைதான். பணிப்பாளர் ஒரு செய்தி போடுவார். அடுத்த நிமிடமே வரிசையாகக் கும்பிடும் கைகள். எதிர்க் கருத்து உள்ளவர்கள் அதைத் தனியாக, வேறொரு குழுவில், அவர் இல்லாத இடத்தில் பேசிக்கொள்வார்கள். இரண்டு குழுக்களையும் பார்க்கிறவனுக்குத்தான் ஒரே அலுவலகத்தில் இரண்டு நிறுவனங்கள் இயங்குவது தெரியும்.

சம்பள விடயத்தையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மேலதிக நேரம் பற்றிக் கேட்டால் இது வேலை அல்ல, இறைபணி என்பார்கள். திட்டம் முடிந்தால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பார்கள். இறைபணிக்கு எப்போது ஒப்பந்தக் காலம் வந்தது என்று கேட்கத் தோன்றும், கேட்பதில்லை.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் பல ஆண்டுகள் இத்தகைய நிறுவனங்களின் கணக்குப் பகுதியில் இருந்தவன். சிலர் இதைக் கிழக்கு மாகாணத்துக்கே உரிய பழக்கம் என்றோ நம் மக்களின் கூச்சம் என்றோ நினைக்கக்கூடும். அப்படி இல்லை என்பதற்கு ஓர் உலகறிந்த உதாரணம் இருக்கிறது.

2022 நவம்பர் 22ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் அனைத்துலகக் கரித்தாஸின் பொதுச் செயலாளரையும் தலைமைப் பொறுப்பில் இருந்தவர்களையும் ஒரே ஆணையில் நீக்கிவிட்டு, தற்காலிக நிர்வாகியாகப் பியர் பிரான்செஸ்கோ பினெல்லியை நியமித்தார். 160க்கு மேற்பட்ட கத்தோலிக்கத் தொண்டு அமைப்புகள் சேர்ந்த கூட்டமைப்பு அது. பணம் களவு போனதா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். இல்லை. சுயாதீனக் குழுவொன்று நடத்திய மீளாய்வில் நிதி முறைகேட்டுக்கோ பாலியல் முறைகேட்டுக்கோ சான்று கிடைக்கவில்லை. நிதி நன்றாகக் கையாளப்பட்டிருந்தது, நிதி திரட்டும் இலக்குகளும் எட்டப்பட்டிருந்தன என்றே வத்திக்கான் அறிவித்தது. குறை வேறிடத்தில் இருந்தது: முகாமைத்துவத்திலும் நடைமுறைகளிலும். அதனால் குழு உணர்வும் பணியாளர்களின் மனநிலையும் பாதிக்கப்பட்டிருந்தன. 2023 மே மாதத்தில்தான் பொதுச் சபை கூடி, டோக்கியோ பேராயர் கிக்குச்சியைத் தலைவராகவும் அலிஸ்டர் டட்டனைப் பொதுச் செயலாளராகவும் தெரிவு செய்தது.

கணக்கு எழுதிய எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இதுதான். நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன. 1998இல் வந்த திருத்தம், மோசடி பற்றிய குற்றச்சாட்டு எழுந்தால் இடைக்கால முகாமைச் சபை நியமிக்க வழி செய்தது. கணக்காய்வாளர் வருவார், பற்றுச்சீட்டுப் பார்ப்பார், வாகன ஓட்டப் பதிவேட்டைப் பார்ப்பார். இத்தனை பேரும் பணத்தைத்தான் பார்க்கிறார்கள். பணம் நேராக இருந்து பேச்சு கோணலாக இருக்கும் நிறுவனத்தைக் கண்டுபிடிக்க இங்கே எந்தக் கணக்காய்வும் இல்லை.

படுவான்கரைத் தம்பிக்கு ஒரு தகவல்: பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ற் 2012இல் தொண்டுப் பணிகளுக்கென்று வெளியிட்ட சட்ட மடல், பணியாளர்கள் கத்தோலிக்க அடையாளத்தைப் பகிர்ந்துகொள்கிறவர்களாகவோ, குறைந்தது மதிக்கிறவர்களாகவோ இருந்தால் போதும் என்கிறது. மதிப்பது என்பது மௌனமாக நிற்பது என்று அதில் எங்கும் இல்லை.

கல்லடிக்காரன் எழுதியது:

உரோமையில் நடந்தது இருக்கட்டும். இங்கே திட்ட இணைப்பாளர் பணிப்பாளரின் ஊர், கணக்காளர் அவருடைய பழைய பங்கின் பாடகர் குழுத் தலைவர், களஞ்சியப் பொறுப்பாளர் யாரோ ஒருவரின் மருமகன். இவர்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியும். மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அறிவித்தல் முறை இல்லை என்று சொல்லாதீர்கள், இருக்கிறது, அது உறவு வழியாக ஓடுகிறது.

மெதடிஸ்த மகள் எழுதியது:

1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கி, ஓராண்டும் முழுதாக வாழாமல் 1815இல் இங்கேயே இறந்துபோனார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடங்கிய பள்ளி வேலையிலிருந்துதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வரலாறு ஆரம்பிக்கிறது. எங்கள் சபையில் அவரைப் பற்றிப் பேசாத விழா இல்லை. தனி ஒருவரின் அர்ப்பணிப்பைக் கொண்டாட எங்களுக்கு நன்றாகத் தெரியும்; கூட்டாக முடிவெடுப்பதைக் கொண்டாட நாங்கள் பழகவில்லை என்பதை இந்த இழையை வாசிக்கும்போது யோசித்தேன்.

ஆனால் வேதாகமம் இந்த விடயத்தில் மௌனமாக இல்லை. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். அங்கே நடப்பது, வாவிக்கரையான் அண்ணன் சொன்ன அதே நிவாரணப் பட்டியல் தகராறு. அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசிய யூதர்கள் முறையிடுகிறார்கள். அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைத் தனியே அழைத்து அடக்கவில்லை, காலைச் செபத்தில் ஒற்றுமை பற்றிப் பிரசங்கிக்கவும் இல்லை. சீடர்கள் எல்லோரையும் கூட்டி, தங்களால் இரண்டையும் செய்ய முடியாது என்று காரணத்தை வெளிப்படையாகச் சொல்லி, ஏழு பேரைத் தெரிவு செய்யும் பொறுப்பைச் சபையிடமே கொடுக்கிறார்கள். தெரிவான ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்! முறையிட்ட பக்கத்தாரின் கையிலேயே பங்கீடு போயிருக்கிறது என்று விளக்கவுரையாளர்கள் பலர் கருதுவது இதனால்தான்.

பவுலும் எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோகும்போது தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தெரிவு செய்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனிதருக்கு முன்பாகவும் நேர்மையாக இருக்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். கர்த்தருக்குத் தெரியும் என்று சொல்லி முடித்திருக்கலாம் அல்லவா? அவர் அப்படி முடிக்கவில்லை.

ஓய்விலுள்ள குரு எழுதியது:

மகளே, திருத்தூதர் பணிகள் (நீங்கள் அப்போஸ்தலர் நடபடிகள் என்பது) பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மத்தேயு 18ஐயும் சேர்த்து வாசிக்க வேண்டும். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனிமையில் சொல், பிறகு ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் செவிசாய்க்காவிட்டால்தான் திருச்சபையிடம் சொல் என்பது ஆண்டவர் தந்த ஒழுங்கு. இன்று பலர் முதற் படியைத் தாண்டி நேராக முகநூலுக்குப் போகிறார்கள். ஒரு முறைப்பாடு உண்மையா என்று தெரியும் முன்பே ஒரு குருவின் பெயரோ ஒரு சகோதரியின் பெயரோ கெட்டுப்போனால் அதைத் திருப்பிக் கொடுக்க யாராலும் முடியாது.

மெதடிஸ்த மகள் எழுதியது:

ஐயா, மத்தேயு 18 சமமான இரண்டு சகோதரர்களுக்கு இடையிலான மனத்தாங்கலுக்கு நல்ல வழி. சம்பளம் கொடுப்பவருக்கும் மாதாந்த ஒப்பந்தத்தில் இருப்பவளுக்கும் இடையில், கதவு மூடிய அறைக்குள் “தனிமையில் போய்ச் சொல்” என்று அனுப்புவது எந்த வகையிலும் நியாயமாகாது, சில வேளைகளில் பாதுகாப்பும் ஆகாது. அதே அதிகாரத்தின் முற்பகுதியில் சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவர்களைப் பற்றிய மிகக் கடுமையான எச்சரிக்கை இருக்கிறது என்பதையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

வாவிக்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சுவாமியின் இரண்டாவது காரணத்துடன் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. முடிவாகாத விடயத்தைச் சொல்லக்கூடாது என்பது சரி. நான் கேட்டது முடிவான விடயத்தைப் பற்றி. பட்டியல் சுருக்கப்பட்டது முடிவான பிறகு, லொறி புறப்படும் முன், காரணத்துடன் இரண்டு வரி அனுப்புவதில் எந்த இரகசியமும் உடைவதில்லை. ஊர் வதந்தியைத் தூண்டுவது பெரும்பாலும் செய்தி கசிவதல்ல; செய்தி வராத இடத்தை ஊகம் நிரப்புவதே. தம்பிலுவில் தங்கைக்குச் சாரதி சொன்னது அதற்குச் சான்று.

பணிப்பாளர் மாறுவது பற்றிச் சுவாமி சொன்னதை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன், அதிலிருந்தே தீர்வும் தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். எங்கள் அலுவலகத்தில் அண்மையில் ஒரு கொப்பி வைக்கப்பட்டது, சாதாரண சீ.ஆர். கொப்பிதான். ஊருக்கு நேரடியாகத் தாக்கம் உள்ள எந்த முடிவானாலும், திகதி, முடிவு, காரணம், யார் ஊருக்குச் சொல்ல வேண்டும், சொல்லியாகிவிட்டதா என்ற விபரங்கள் அதில் எழுதப்பட்டு, பணிப்பாளரும் சம்பந்தப்பட்ட உத்தியோகத்தரும் கையொப்பமிட வேண்டும். உத்தியோகத்தரின் கையொப்பம் இல்லாமல் களஞ்சியத்திலிருந்து பொருள் வெளியேறாது. முதலில் எல்லோரும் இதை எழுத்து வேலை என்று முணுமுணுத்தார்கள். காரணத்தை எழுத வேண்டிய இடத்தில் பேனா தயங்கி நின்ற முடிவுகள் சில கைவிடப்பட்டதையும் பார்த்தேன். அந்தக் கொப்பியின் உண்மையான பயன் அதுதான் என்பது என் கருத்து. பணிப்பாளர் மாற்றலாகிப் போகும்போது அது கையளிப்பு ஆவணங்களில் ஒன்றாக இருக்கும்.

அறிவித்தல்களைச் செபத்திலிருந்து பிரிப்பது இன்னும் எளிது. செபம் முடிந்து தேநீர் குடித்து, மேசையைச் சுற்றி உட்கார்ந்த பிறகு பேசுங்கள். உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குக் கேள்வி கேட்கத் தைரியம் வரும்.

தம்பிலுவில்வாசி எழுதியது:

கொப்பி நல்ல யோசனை, ஆனால் அது கீழ்நோக்கிய பேச்சுக்கு மட்டுமே. மேல்நோக்கிய வழி? உதவி நிறுவனங்களுக்கான அனைத்துலக நியமமாகிய மனிதாபிமானப் பணிக்கான அடிப்படை நியமம் (CHS) 2014இல் வந்தபோது அதன் ஒன்பது உறுதிமொழிகளில் நான்காவது தொடர்பாடலும் பங்கேற்பும் பற்றியது, ஐந்தாவது முறைப்பாடுகளை வரவேற்றுத் தீர்ப்பது பற்றியது. நிதி வழங்குநர் கேட்டதால் எல்லோரும் முறைப்பாட்டுப் பெட்டி வைத்தார்கள். எங்கள் பெட்டி பணிப்பாளரின் அறைக் கதவுக்குப் பக்கத்தில், வரவேற்பு மேசைக்கு எதிரே தொங்கியது. திறப்பு அவருடைய மேசை லாச்சியில் இருந்தது. அதற்குள் இருந்தவை ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டையும் சில மிட்டாய்த் தாள்களும் என்று துப்புரவு செய்யும் அக்கா சொன்னார்.

படுவான்கரை எழுதியது:

வலையிறவுப் பாலம் தாண்டி, பஸ்ஸுக்குப் பணம் கொடுத்து, நகரத்துக்கு வந்து அந்தப் பெட்டியில் கடிதம் போட எந்தப் பயனாளி வருவார்? தொலைபேசி இலக்கம் ஒன்று வேண்டும், அது பயனாளி அட்டையிலேயே அச்சிடப்பட வேண்டும், அந்தத் தொலைபேசி அலுவலகத்துக்குள் இருக்கக்கூடாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நிர்வாக சபையில் உள்ள பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்) ஒருவரிடம், முடிந்தால் ஒரு பெண்ணிடம், அது இருக்கலாம். அவர் சம்பளம் பெறுபவராகவோ பணிப்பாளரின் பங்கைச் சேர்ந்தவராகவோ இருக்கக்கூடாது. பணியாளர்களும் அதே இலக்கத்தைப் பயன்படுத்தலாம். வந்த முறைப்பாடுகளின் தொகையும் தீர்க்கப்பட்டவற்றின் தொகையும், பெயர்கள் இல்லாமல், ஒவ்வொரு சபைக் கூட்டத்திலும் கணக்கறிக்கையுடன் சேர்த்து வாசிக்கப்பட வேண்டும்.

கல்லடிக்காரன் எழுதியது:

நிர்வாக சபை உறுப்பினர்களைப் பெயர் சொல்லி ஆயரிடம் சிபாரிசு செய்வதே பணிப்பாளர்தான், ஐயா.

ஓய்விலுள்ள குரு எழுதியது:

எல்லா இடத்திலும் அப்படி அல்ல, ஆனால் பல இடங்களில் அப்படித்தான். அந்தத் தொலைபேசியை வைத்திருப்பவரை மட்டும் ஆயரே நேரடியாக, பணிப்பாளரின் சிபாரிசு இல்லாமல் நியமிக்க வேண்டும் என்று கேட்கலாம். அப்படி நியமிக்கத் தடை எதுவும் இல்லை. பணியாளர்கள் கையொப்பமிட்டு ஒரு பக்கக் கடிதமாகக் கொடுத்தால், அதை ஆயர் இல்லத்தில் கொண்டுபோய்க் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். கடிதத்தில் யாரையும் குறை கூற வேண்டாம், கோரிக்கையை மட்டும் எழுதுங்கள். வாவிக்கரையான் வரைவை இங்கே போட்டால் எல்லோரும் பார்த்துத் திருத்தலாம்.